கிணற்றில் இறங்கும் கயிறு

கேரள மக்கள் பேச்சில் ‘ஃபயர் ஃபோர்ஸ்’ என்றே வழங்கும் துறை, 1962-ஆம் ஆண்டின் கேரளத் தீயணைப்புப் படைச் சட்டத்தின்கீழ் இயங்குவது. திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட அதன் பெயரில் இன்று ‘மீட்பு’ என்ற சொல்லும் சேர்ந்திருக்கிறது. வீட்டுக்கு வீடு கிணறு தோண்டும் வழக்கமுள்ள அம்மாநிலத்தில், நெருப்பைப் போலவே கிணறும் இத்துறையின் பணிக்களமாகும்.

திருச்சூரை அடுத்த விய்யூரிலுள்ள பயிற்சிக் கழகத்தில் தொடங்கும் கல்வி, நிலையங்களில் மூத்தவர்களிடம் தொடர்கிறது. அதில் முடிச்சுக்குத் தனியிடம் உண்டு. ‘நாற்காலி முடிச்சு’ என்பது ஒரே கயிற்றின் நடுவில் இரண்டு கண்ணிகளை இட்டு, ஒவ்வொன்றையும் அரைச் சுருக்கால் இறுக்குவது. சிறிய கண்ணி அக்குளின் கீழும் பெரிய கண்ணி முழங்காலின் பின்னும் அமைய, மயங்கியவரும் அமர்ந்த நிலையிலேயே மேலேறுவார். கயிற்றின் ஒரு முனை பாரத்தைத் தாங்க, மறுமுனை அவர் உடல் சுவரில் மோதாமல் விலக்கிப் பிடிக்க உதவுகிறது. இருளில் கண் உதவாது என்பதால், விரல்களே வழியறியும்வரை இது மீண்டும் மீண்டும் போடப்படுகிறது.

கயிற்றுக்கு முன்பே கவனிக்க வேண்டியது காற்று. கரியமில வாயு காற்றைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது ஆகையால் கிணற்றடியில் தங்கும். மெழுகுவர்த்தியை இறக்கிப் பார்க்கும் பழைய சோதனை, பிராணவாயுக் குறைவைக் காட்டுமேயன்றி எல்லா நச்சுவாயுக்களையும் காட்டாது. ஆகவே வீரர் அழுத்தக் காற்று உருளையை முதுகில் சுமந்தே இறங்குகிறார். காற்று தீரும் நிலை நெருங்கினால் அக்கருவியின் ஊதல் தானே ஒலித்து எச்சரிக்கும்.

பயிற்சிக்கும் எல்லை உண்டு. 2023 ஜூலையில் விழிஞ்ஞத்தை அடுத்த முக்கோலாவில் கிணற்று மண் சரிந்து தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருவர் புதையுண்டபோது, மேலும் சரியாதபடி தடுத்துக்கொண்டே மண்ணை அகற்ற வேண்டியிருந்ததால், மூன்றாம் நாளில் அவரது உடலையே மீட்க முடிந்தது.

கிணற்றில் ஒருவர் விழுந்தால், காப்பாற்றும் பதற்றத்தில் அடுத்தவர் இறங்கி உயிரிழப்பதும் நேர்கிறது. முறையான கருவியும் பயிற்சியும் இல்லாதவர் செய்யத்தக்கது, கயிற்றை மட்டும் இறக்கிவிட்டு 101-ஐ அழைப்பதே.