பெல்ட்டைக் கழற்றினால் கார் பறக்குமா?

அமெரிக்காவில் 1940-ம் ஆண்டில் ஒரு விசித்திரமான கார் ஓடியது. அதன் பெயர் பாக்கார்டு. காருக்குள் ஜில்லென்று குளிர்ந்த காற்று வீசும். இந்த வசதிக்குத் தனியாக 274 டாலர் கொடுக்க வேண்டும்!

சரி, குளிர் தாங்கவில்லை என்றால் என்ன செய்வது?

காற்றாடியை நிறுத்தலாம். ஆனால் குளிர் தரும் யந்திரம் நிற்காது. அதை நிறுத்த ஒரே வழிதான் உண்டு. காரை ஓரமாக நிறுத்த வேண்டும். என்ஜினை அணைக்க வேண்டும். கீழே இறங்கி, மூடியைத் திறந்து, பெல்ட்டைக் கையால் கழற்ற வேண்டும்!

1941-க்குப் பிறகு பாக்கார்டு கம்பெனி இந்த வசதியைக் கைவிட்டது. ஆனால், பெல்ட்டைக் கழற்றும் ஆசை மட்டும் மறையவில்லை. இன்றும் சிலருக்கு அந்த ஆசை உண்டு. குளிருக்குப் பயந்து அல்ல. காரின் எடையைக் குறைக்க! வேகத்தைக் கூட்ட!

பெல்ட்டின் வேலை

தையல் மிஷினைப் பார்த்திருப்பீர்கள். கீழே பெரிய சக்கரம் சுற்றுகிறது. பெல்ட் மூலம் மேலே உள்ள சிறிய சக்கரமும் சுற்றுகிறது. காரிலும் இதே கதைதான்.

என்ஜின் ஒரு புல்லியைச் சுற்றுகிறது. பெல்ட் அந்தச் சுழற்சியை மற்ற கருவிகளுக்குக் கொண்டு போகிறது. மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர், குளிர் தரும் கம்ப்ரஸர், ஸ்டியரிங் பம்ப், பல கார்களில் தண்ணீர் பம்ப்பும்கூட இப்படித்தான் சுற்றுகின்றன.

இவை இனாமாகச் சுற்றுவதில்லை. என்ஜினின் சக்தியில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. எடையும் உண்டு. அதனால்தான் பந்தயக்காரர்கள் ஸ்பானரை எடுக்கிறார்கள்.

கால் மைல் தூரப் பந்தயம் ஓட்டுகிறவர்களில் சிலர் ஆல்டர்னேட்டரையே கழற்றி விடுவார்கள். பாட்டரியை மட்டும் நம்பி ஓடுவார்கள். சில விநாடிகளில் பந்தயம் முடிந்துவிடும். பிறகு பாட்டரிக்கு 'சார்ஜ்' ஏற்றிக்கொள்வார்கள்.

நாமும் அப்படிச் செய்தால்? கொஞ்ச தூரம் போவதற்குள் பாட்டரி தீர்ந்துவிடும். இரவு நேரமானால் விளக்கு மங்கும். கார் நடுரோட்டில் நின்றுவிடும்!

லாபம் எவ்வளவு?

குளிர் கருவிகள் எல்லாவற்றையும் கழற்றினால் சுமார் 20 கிலோ குறையலாம். கார் 1,000 கிலோ இருந்தால், மிச்சம் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஒரு சிறு குழந்தையை வீட்டில் விட்டுவிட்டுப் போவது போல!

இன்னொரு விஷயம். இன்றைய கார்கள் பலவற்றில் கம்ப்ரஸருக்கு ஒரு காந்தக் 'கிளட்ச்' இருக்கிறது. சுவிட்சை அணைத்ததும், புல்லி மட்டும் சும்மா சுற்றும். கம்ப்ரஸர் நின்றுவிடும். சக்தியை மிச்சப்படுத்த ஸ்பானர் எதற்கு? ஒரு விரல் போதும்!

உயிருக்கு ஆபத்து

தண்ணீர் பம்ப் நின்றால் என்ஜின் கொதிக்கும். சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும். செலவு பல ஆயிரம்.

பணத்தோடு போனால் பரவாயில்லை. ஸ்டியரிங் பம்ப்பை மட்டும் எடுத்துவிட்டால், மெதுவாகப் போகும்போது ஸ்டியரிங் கல்லாகக் கனக்கும். ஒரு கையால் திருப்பியவர் இரு கைகளாலும் போராட வேண்டும். அந்த நேரம் பார்த்து ஒரு குழந்தை குறுக்கே ஓடி வந்தால்?

சில டீசல் கார்களில், பிரேக்குக்கு உதவும் வாக்குவம் பம்ப் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்தே இருக்கும். 'எடை குறையட்டும்' என்று ஆல்டர்னேட்டரை எடுத்தால், பிரேக்கின் பலமும் கூடவே போய்விடும்!

பெரிய புல்லியிலும் ஒரு ரகசியம் உண்டு. பல கார்களில் அதன் நடுவே ரப்பர் வளையம் இருக்கும். என்ஜினின் அதிர்வை அது தாங்கிக்கொள்ளும். கனமாக இருக்கிறதே என்று அதை எடுத்துவிட்டு இலேசான புல்லியைப் போட்டால், நாளடைவில் கிராங்க் ஷாப்ட்டே முறியக்கூடும்.

பெல்ட் இல்லாத கார்

அப்படியானால் பெல்ட்டை ஒழிக்கவே முடியாதா? முடியும். அதைச் செய்து காட்டியவர்கள் ஜப்பானியர்கள்!

1988-ல் சுசுகி கம்பெனி தன் செர்வோ காரில் மின்சாரத்தால் உதவும் ஸ்டியரிங்கை வைத்தது. பெல்ட்டுக்கு ஒரு வேலை குறைந்தது.

டொயோட்டாவின் பிரியஸ் கார் பெட்ரோலிலும் மின்சாரத்திலும் ஓடுவது. 2003-ல் வந்த பிரியஸில் குளிர் கம்ப்ரஸரும் மின்சாரத்துக்கு மாறியது. தண்ணீர் பம்ப்புக்கு மட்டும் பெல்ட் மிஞ்சியது. 2009-ல் வந்த பிரியஸில் அந்தப் பம்ப்பும் மின்சாரத்துக்கு மாறியது. பெல்ட்டே மறைந்தது!

அவர்கள் பெல்ட்டை எடுத்தார்கள். ஆனால் அது செய்த ஒரு வேலையைக்கூட விட்டுவிடவில்லை. ஒவ்வொன்றுக்கும் மாற்று வைத்த பிறகே எடுத்தார்கள். அதுதான் வித்தியாசம்.

உங்கள் காரின் எடையைக் குறைக்க ஆசையா? முதலில் பின்பெட்டியைத் திறந்து பாருங்கள். வேண்டாத சாமான்களை இறக்கி வையுங்கள். அதற்கு ஸ்பானரும் வேண்டாம், மெக்கானிக்கும் வேண்டாம்!