தோலும் தோளும்

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு தோல் பதனிடும் சாலைக்குள் சென்று பார்த்த நேயர்கள், அங்கே தோலைத் தரம் பிரிக்கும் மனிதரைக் கவனித்திருப்பார்கள். வெளிச்சம் நன்றாக விழும் இடத்தில் நின்றுகொண்டு, ஒவ்வொரு தோலாக விரித்துத் தடவிப் புரட்டிப் பார்க்கிறார். உண்ணி கடித்த தழும்பு, கத்தி பட்ட கீறல், சாயம் சரியாக ஏறாத இடம் எதுவும் அவர் கண்ணுக்குத் தப்புவது அரிது. பதனிட்டவரே தரத்தையும் பார்த்துக்கொள்ளட்டுமே என்று எந்த முதலாளியும் சொல்வதில்லை. தான் செய்த வேலையின் குறை தன் கண்ணுக்குப் படாது என்பது அந்தத் தொழிலில் எல்லாரும் அறிந்த சங்கதி.

ஆனால் அதே சரக்கோடு கடல் கடந்து செல்லும் காகிதங்கள் விஷயத்தில் இந்த விவேகம் எங்கேயோ போய்விடுகிறது! இன்வாய்சை அடித்தவரே நள்ளிரவில் தூக்கக் கண்ணோடு ஒரு தடவை பார்த்துவிட்டு அனுப்பிவிடுகிறார்.

அயல்நாட்டு வியாபாரியின் பாங்கி 'லெட்டர் ஆப் கிரெடிட்' என்னும் உறுதிக் கடிதம் கொடுத்தால், அதில் கேட்டிருக்கும் காகிதங்களைக் காட்டிப் பணம் பெறுவது வழக்கம். பாங்கிக்காரர் செருப்பைப் பார்ப்பதில்லை, காகிதத்தைத்தான் பார்க்கிறார். 2007-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி அமுலுக்கு வந்த யு.சி.பி. 600 என்னும் சர்வதேச விதிகளின்படி, அவற்றைப் பரிசீலிக்க அவருக்கு அதிகபட்சம் ஐந்து பாங்கி வேலை நாட்கள் உண்டு. பொருளை மாற்றாத எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளலாம் என்பது சர்வதேச வர்த்தக சபையின் வழிகாட்டுதல். ஆனால் மாடல் 321 என்று இருக்க வேண்டிய இடத்தில் 123 என்று இருந்தால், அதை எழுத்துப் பிழையாகக் கருத மாட்டார்கள். அது வேறு சரக்கு! காகிதத்தைத் திருத்தி அனுப்பும் வரையில் சரக்கு துறைமுகத்தில் கிடக்கலாம். பணம் வராத வாரத்தில் கஷ்டப்படுகிறவர் முதலாளி மாத்திரமல்ல. மேல்தோல் தைக்கும் பெண்ணின் சம்பளமும் அந்தப் பணத்தை நம்பித்தான் இருக்கிறது.

குரோமியம் சமாசாரம் இதைவிட விபரீதமானது. தோல் பதனிட உதவுவது மூன்றாம் வகைக் குரோமியம். தீங்கு விளைவிப்பது ஆறாம் வகை. சருமத்தில் படக்கூடிய தோல் பொருள்களில் ஆறாம் வகை கிலோவுக்கு 3 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருந்தால், 2015 மே 1 முதல் ஐரோப்பிய யூனியனில் புதிதாக விற்பனைக்கு விடக்கூடாது. ஓர் இலக்கம் மாறிப்போனால் நல்ல தோலும் காகிதத்தில் நஞ்சாகிவிடும். 1631-ல் லண்டனில் அச்சான பைபிளில் ஒரே ஒரு 'கூடாது' விட்டுப்போய், பிறர்மனை நயத்தல் கட்டளையே ஆகிவிட்டது. அச்சிட்டவர்களுக்கு 300 பவுன் அபராதம்.

"கம்ப்யூட்டர் பிழை திருத்தாதா?" என்று நேயர்கள் கேட்கலாம். திருத்தும், சொல் தவறாக இருந்தால். 'ஆட்டுத் தோல்' என்பது 'ஆட்டுத் தோள்' ஆகிவிட்டால், இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்கள்தாமே! இயந்திரம் பேசாமல் விட்டுவிடக்கூடும். பெட்டிமேல் அச்சானபின் சிரிப்பவர்கள் கசாப்புக் கடைக்காரர்கள்தான்.

எல்லாவற்றுக்கும் கூலி கொடுத்து ஆள் வைக்கச் சொல்லவில்லை. சம்பந்திக்கு எழுதும் கடிதத்தை நாமே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பிறர் பணமோ உடம்போ சம்பந்தப்பட்ட எழுத்துக்கும், அச்சானபின் மாற்ற முடியாத எழுத்துக்கும், தொழிலாகப் பிழை திருத்துகிறவர் அவசியம்.

அவரை எப்போது அழைப்பது? எழுதி முடித்தபின். வாக்கியத்தை இன்னும் மாற்றிக்கொண்டிருக்கும்போதே கொடுப்பது, ஈரத் தோலை மெருகுக்கு அனுப்புவது போல. கப்பல் புறப்படும் நாளன்று ஓடுவதும் வீண். ஒரு நாளாவது அவகாசம் வேண்டும். முக்கியமாக, மூலத்தையும் கூடவே கொடுக்க வேண்டும். உறுதிக் கடிதத்தைக் காட்டாமல் இன்வாய்சை மட்டும் நீட்டினால், 123 என்பதும் அவருக்கு லட்சணமான எண்ணாகத்தானே தோன்றும்? ஒருவர் உரக்கப் படிக்க, மற்றொருவர் விரல் வைத்து ஒத்துப் பார்க்கும் அச்சுக்கூடத்துப் பழைய முறைக்கு இணையானதை நாம் இன்னும் காணவில்லை.

திருத்தியானதும் வேலை தீர்ந்ததென்று எண்ணிவிடலாகாது. ஒரு பிழையைத் திருத்தும் கை பக்கத்திலேயே இன்னொன்றை உண்டாக்கிவிடுவது சகஜம். ஆதலால் திருத்திய பிரதியையும் அவரிடமே மறுபடி காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டபின் அச்சுக்கு விட வேண்டும்.