கடல் நேரம் குறிக்கும் பயணம்

லங்காவியில் கயாக் சவாரிக்குப் பதிவு செய்கிறவர்கள் முதலில் கேட்பது, “நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?” என்றுதான். விவரமான வழிகாட்டி சட்டென்று பதில் சொல்வதில்லை. கைபேசியில் கடலேற்ற அட்டவணையைத் திறந்து பார்ப்பார். இன்று ஒன்பது மணி என்றால் நாளை பத்துக்குச் சற்று முன்பு. அடுத்த வாரம் அதே பயணம் பிற்பகலுக்குப் போய்விடலாம். கடல் ஏறி வற்றி மறுபடி ஏற 12 மணி 25 நிமிடம் ஆகிறது. அதனால் நாளுக்கு நாள் ஏற்றம் ஏறக்குறைய 50 நிமிடம் பிந்துகிறது. ஹோட்டலின் காலைச் சிற்றுண்டி நேரம் பற்றிச் சந்திரனுக்கு அக்கறை கிடையாது.

இந்தச் சவாரி அரை நாளோடு முடிவதற்கும் இந்த ஏற்ற வற்றமே காரணம். சதுப்புக் காட்டின் குறுகிய ஓடைகளுக்குள் நுழைய ஏற்றம் வேண்டும். தண்ணீர் இறங்கிவிட்டால் படகு சேற்றில் உட்கார்ந்துகொள்ளும். சுண்ணாம்புக் குன்றுகளின் அடியில் உள்ள குகைகளுக்குள் போகவோ வற்றம் வேண்டும். நிறைந்த ஏற்றத்தில் குகைக் கூரை தலையை முட்ட வரும். இரண்டையும் ஒரே பயணத்தில் காட்ட வேண்டுமானால், நடுவில் உள்ள நான்கு மணி நேரத்துக்குள் வரிசை மாறாமல் முடித்தாக வேண்டும். சுற்றுலா நிறுவனங்கள் விளம்பரத்தில் பருந்தையும் குரங்கையும் போடுகின்றன. உண்மையில் பயணி காசு கொடுப்பது இந்தக் கணக்குக்கு.

மலேசியாவின் வடமேற்கு மூலையில், கெடா மாநிலத்தைச் சேர்ந்த தீவுக்கூட்டம் லங்காவி. பெருநிலத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். ஏற்றத்தின்போது எண்ணினால் 99 தீவுகள், வற்றத்தின்போது இன்னும் சில கூடும் என்பது உள்ளூர்க் கணக்கு. கெடா என்றால் தமிழர்களுக்குக் கடாரம்; 1025-இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை வந்து போன கரை. இன்று இங்கே வரும் தமிழ்ப் பயணிகள் பெரும்பாலும் தீவின் மேற்குக் கடற்கரையிலும் கேபிள் காரிலும் வரியில்லாக் கடைகளிலும் நாளைக் கழித்துவிட்டுத் திரும்புகிறார்கள். வடகிழக்கு மூலையில் இந்தக் கயாக் சவாரி நடக்கிற கிலிம் பலருக்குத் தெரிவதில்லை. 2007 ஜூன் முதல் தேதி யுனெஸ்கோவின் ஆதரவு பெற்ற புவிப்பூங்காவாக லங்காவி அறிவிக்கப்பட்டது. தென்கிழக்கு ஆசியாவில் அந்தத் தகுதியை முதலில் பெற்றது இதுதான். அந்தப் பூங்காவின் மூன்று பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் கிலிம் ஒன்று.

படகுத்துறையிலிருந்து கயாக்குகளை ஒரு மோட்டார்ப் படகு பின்னால் கட்டி இழுத்துப் போய், காட்டின் வாயில் இறக்கிவிடும். பெரும்பாலும் இருவர் உட்காரும் பிளாஸ்டிக் கயாக். மேலே திறந்திருப்பதால் கவிழ்ந்தாலும் ஆள் உள்ளே சிக்க மாட்டார். லைஃப் ஜாக்கெட் கட்டாயம். முன்னால் இருப்பவர் தாளம் பிடிக்க வேண்டும், பின்னால் இருப்பவர் திசை பார்க்க வேண்டும். பலமானவர் பின்னால் உட்கார்வது வழக்கம். புதிதாக ஏறுகிறவர்கள் கையாலேயே இழுத்துப் பத்தாவது நிமிடம் தோள் வலிக்கிறது என்பார்கள். இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பித் துடுப்புப் போட்டால் மணிக்கணக்கில் போகலாம். முன்னவர் இடம் போட, பின்னவர் வலம் போட, துடுப்புகள் நடுவில் மோதி ஒலிக்கும். இரட்டைக் கயாக்கை ஆங்கிலம் பேசுகிறவர்கள் வேடிக்கையாக ‘விவாகரத்துப் படகு’ என்று அழைப்பதன் பொருள் முதல் வளைவிலேயே விளங்கிவிடும். இதெல்லாம் கால் மணி நேரத்தில் பழகிப்போகிற விஷயம்; காட்டுக்குள் அமைதியான தண்ணீர், கடல் அலை கிடையாது.

முதலில் கண்ணில் படுவது பாறை. தண்ணீரிலிருந்து நேராக எழும்பும் சாம்பல் நிறச் சுவர்கள். இடுக்குகளில் வேர் பிடித்துத் தொங்கும் செடிகள். 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு ஆழமற்ற வெப்பக் கடலின் அடியில் சிப்பி, பாசி, நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு படிந்து இறுகியதில் உண்டானவை. அப்போது இந்த நிலத்துண்டு ஆசியாவோடு இல்லை. இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒட்டியிருந்த கோண்டுவானா என்ற பெருங்கண்டத்தின் விளிம்பில் இருந்தது. இதே பாறை எல்லை தாண்டித் தாய்லாந்தின் சாத்துன் மாகாணத்திலும் தொடர்கிறது; 2018-இல் சாத்துனும் யுனெஸ்கோ புவிப்பூங்கா ஆயிற்று. வரைபடத்தில் இரண்டு நாடு, பாறைக்கு ஒரே வீடு.

கயாக்கை அந்தச் சுவருக்கு அருகே ஒட்டிக் கொண்டுபோனால், விரைவுப் படகில் போகிறவர்கள் பார்க்க முடியாத ஒன்று தெரியும். நீர்மட்டத்தை ஒட்டிப் பாறை உள்பக்கமாக அரிக்கப்பட்டு, ஒரு நீண்ட பள்ளம் சுற்றிலும் ஓடுகிறது. கையை நீட்டினால் கூரான விளிம்பில் சிப்பிகள் குத்தும். தண்ணீரும் கடலுயிர்களும் சேர்ந்து சுண்ணாம்பைக் கரைத்தும் சுரண்டியும் போட்ட கோடு அது. அண்ணாந்து பார்த்தால், தலைக்கு மேலே அதே போன்ற இன்னொரு பள்ளம் காய்ந்து கிடக்கும் இடங்களும் உண்டு. ஐந்தாறாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு மலாய்த் தீபகற்பக் கரையில் கடல்மட்டம் இன்றைவிடச் சில மீட்டர் உயரமாக இருந்தது. அந்தக் கடல் விட்டுப்போன தழும்பு. பருவநிலை மாற்றத்தைப் பற்றி நாளிதழில் படிக்கும்போது கடல்மட்டம் வெறும் எண்ணாக இருக்கிறது. இங்கே துடுப்பு முனையால் தொட்டுக் காட்டலாம்.

பாறையைத் தாண்டி ஓடைக்குள் திரும்பினால் காடு மூடிக்கொள்கிறது. சதுப்புக் காடுகள் பொதுவாக ஆற்று முகத்துவாரத்தில், ஆறு அடித்துவரும் வண்டலில் வளர்பவை. கிலிமில் அப்படிப் பெரிய ஆறு எதுவும் இல்லை. ஆறு என்று பெயர் இருந்தாலும் இவை கடல் ஏறி இறங்கும் கால்வாய்களே. சுண்ணாம்பு மலை கரைந்து போகுமே தவிர, வண்டலை அதிகம் கொடுக்காது. ஆகவே மரங்கள் சுண்ணாம்புப் பாறைக்கு மேல் படிந்த மெல்லிய சேற்றில் காலூன்றி நிற்கின்றன. இந்தச் சேர்க்கை அரிது, இந்த இடத்தின் மதிப்பே அதில்தான் இருக்கிறது. சேறு அடித்துப் போனால் அடியில் வேர் ஓட இடமில்லை என்பதையும் சேர்த்து நினைவில் வைக்க வேண்டும்.

சுரபுன்னை மரங்கள் வளைந்த கால்களை ஊன்றி நிற்பது போல வேர்களை இறக்கியிருக்கின்றன. அடிச் சேற்றில் காற்றே கிடையாது. கிளறினால் அழுகிய முட்டை வாடை வரும். வேரின் மேல்பகுதியில் உள்ள நுண்துளைகள் வழியாகத்தான் மரம் மூச்சு விடுகிறது. சுரபுன்னை உப்பின் பெரும்பகுதியை வேரிலேயே தடுத்துவிடும். கண்டல் மரத்தின் வழி வேறு. அது உப்பை உறிஞ்சி, இலை வழியாக வெளியே தள்ளுகிறது. வெயில் நேரத்தில் வழிகாட்டி ஒரு கண்டல் இலையைக் காட்டி நாக்கில் தொட்டுப் பார்க்கச் சொல்வார், உப்புக் கரிக்கும். ஆனால் எல்லா மரத்திலும் இப்படிச் செய்யக் கூடாது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பழம்பெயரைத் தந்த தில்லை மரம் இங்கும் வளர்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையே தற்காலிகமாகப் போகலாம். கிளையைப் பிடித்துக் கயாக்கை நிறுத்தப் பார்க்கிறவர்களிடம் வழிகாட்டிகள் குரல் உயர்த்துவது இதனால்தான். இன்னொரு காரணமும் உண்டு. கிளையோடு கிளையாகச் சுருண்டு கிடக்கும் சதுப்புநில விரியன் எளிதில் கண்ணில் படாது.

சுரபுன்னையின் கிளைகளில் முருங்கைக்காய் போலப் பச்சையாகத் தொங்குபவற்றைக் காய் என்று நினைத்தால் தவறு. விதை மரத்திலேயே முளைத்து, நாற்றாக நீண்டு தொங்குகிறது. விழும்போது வற்றமாக இருந்தால் சேற்றில் குத்தி நிற்கும்; ஏற்றமாக இருந்தால் மிதந்து போய் வேறொரு கரையில் வேர்விடும்.

கயாக்குக்கு எஞ்சின் இல்லை என்பதன் பயன் உயிரினங்களிடம் தெரிகிறது. சேற்றில் துடுப்புக் கால்களால் தவழ்ந்து துள்ளும் மீன்கள், ஒரு கொடுக்கை மட்டும் பெரிதாக வளர்த்து ஆட்டி அழைக்கும் ஆண் நண்டுகள், வேர்களுக்கிடையே வாயில் தண்ணீர் நிரப்பி, மேலே இலையில் உட்கார்ந்த பூச்சியைக் குறிபார்த்துப் பீய்ச்சி வீழ்த்தும் வில்லாளி மீன். இவையெல்லாம் அசையாமல் சில நிமிடம் காத்திருப்பவர்களுக்கு மட்டுமே. அதிர்ஷ்டம் இருந்தால் நீர்நாய்க் குடும்பம். குரங்குகளுக்கு அதிர்ஷ்டம் தேவையில்லை, அவையே வரும். நீண்ட வால் கொண்ட இந்தக் குரங்குகள் நன்றாக நீந்தும், நண்டு பிடித்துத் தின்னும்; கயாக்கில் பிளாஸ்டிக் பை சரசரத்தால் ஏறிவிடவும் தயங்காது. பிஸ்கட் பாக்கெட்டை நீர்புகாப் பைக்குள் மூடி வைப்பது நல்லது.

வௌவால் குகை என்று அழைக்கப்படும் கிலிமின் சிறிய குகைக்குள் மரப்பாலம் போட்டிருக்கிறார்கள். டார்ச்சை மேலே அடித்துப் பயணிகள் படம் எடுக்கிறார்கள். எடுக்காமல் இருப்பது நல்லது. பாறையும் காடும் இங்கே அருகருகே இருப்பது வெறும் அழகுக்காக அல்ல என்பதைப் புரிந்துகொள்ள, லங்காவியை விட்டுக் கோலாலம்பூர்ப் பக்கம் போக வேண்டும். 1970-களில் பத்துமலைக் குகைகளில் வாழும் தேனுண்ணும் வௌவால்களை ஆராய்ந்தவர்கள், அவை இரவில் 30 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து கடலோரச் சதுப்பு மரங்களின் பூக்களைத் தேடிப் போவதைக் கண்டார்கள். இரவில் மலரும் அந்தப் பூக்களுக்கும், மலேசியர்கள் உயிராய் மதிக்கும் டுரியானுக்கும் மகரந்தம் சுமப்பவை அவையே. முருகனைக் கும்பிடப் படியேறும் தமிழர்களின் தலைக்கு மேலே தொங்குகிற உயிர், இரவானால் சதுப்புக் காட்டுக்கு வேலைக்குப் போகிறது. குகையை உடைத்துச் சுண்ணாம்பு எடுத்தாலும் சரி, கரையோரக் காட்டை வெட்டினாலும் சரி, அடி விழுவது பழத்தோட்டத்துக்கும் சேர்த்து.

கிலிமுக்கு உடனடி ஆபத்து கோடாரியால் வரவில்லை. வேகத்தால் வருகிறது. இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் ஏறுவது விரைவுப் படகில். எஞ்சின் கிளப்பும் அலை இரு கரையிலும் மோதி, வேர்களுக்கிடையே பிடித்து வைத்த நுண்ணிய சேற்றை உருவிக்கொண்டு போகிறது. சேறு போனால் வேர் அந்தரத்தில் நிற்கும், மரம் சாயும். முதன்மைக் கால்வாயின் ஓரத்தில் தண்ணீரில் தலைசாய்ந்து கிடக்கும் மரங்களைக் கயாக்கில் போகிறவர் எண்ணிக்கொண்டே போகலாம். வேகத்தைக் குறைக்கச் சொல்லும் பலகைகள் நிற்கின்றன. பலகையை எல்லாப் படகோட்டிகளும் படிப்பதாகத் தெரியவில்லை.

பருந்துக்குக் கோழித்தோல் வீசும் வழக்கமும் இப்படித்தான். தீவின் பெயரிலேயே பருந்து இருப்பதாகச் சொல்வார்கள். கூவா நகரின் படகுத்துறையில் 12 மீட்டர் உயரச் சிலையாக நிற்பதும் அதுவே. நம்மூரில் கருடன் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் அதே செம்பருந்து. படகை நிறுத்தித் தோலைத் தண்ணீரில் வீசினால் டஜன் கணக்கில் இறங்கும், படம் அருமையாக விழும். செத்த மீனும் நண்டும் தேடித் தின்று கடற்கரையைச் சுத்தமாக்க வேண்டிய பறவை, எஞ்சின் சத்தம் கேட்டால் சாப்பாடு என்று பழகிப்போகிறது. இயற்கை ஆர்வலர்கள் நெடுநாளாக இதை எதிர்த்து வருகிறார்கள். நல்ல கயாக் குழுக்கள் தீனி போடுவதில்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன.

இதை வைத்துப் படகோட்டிகளை வில்லன்களாக்குவதும் நியாயமில்லை. மீன்பிடித்து வாழ்ந்த கிலிம் கிராமத்தார் கூட்டுறவுச் சங்கம் அமைத்துப் படகுச் சவாரி நடத்துகிறார்கள். ஊரின் வருமானம் அது. முழங்கால் வலியுள்ள பாட்டியையும் கைக்குழந்தையையும் கயாக்கில் ஏற்ற முடியாது. மெதுவாக ஓட்டுகிற, தோல் வீசாத படகுக்காரரைக் கேட்டு அமர்த்தினால், அவர்களும் மெல்ல மாறுவார்கள். அப்படிக் கேட்கிறவர்கள் குறைவு என்பதுதான் சிக்கல்.

சவாரியின் முடிவில் பெரும்பாலான குழுக்கள் மிதக்கும் மீன்பண்ணை உணவகம் ஒன்றில் மதியச் சாப்பாடு போடுகின்றன. கூண்டுகளில் திருக்கை, குதிரைலாட நண்டு எல்லாம் காட்டுவார்கள். சைவம் சாப்பிடுகிறவர்கள் பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். அங்கே போய்க் கேட்டால் சோறும் வதக்கிய கீரையும்தான் கிடைக்கும்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. செப்டம்பர், அக்டோபரில் கொட்டும். முழுக்கைச் சட்டை, நாடா கட்டிய தொப்பி, நனைந்தாலும் பரவாயில்லாத செருப்பு, தண்ணீர் பாட்டில் போதும். நீச்சல் தெரியாவிட்டாலும் ஏற்றிக்கொள்வார்கள், ஆனால் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பதிவு செய்யும்போது, ஒரு வழிகாட்டிக்கு எத்தனை கயாக், அன்றைக்கு ஏற்றம் எத்தனை மணிக்கு என்ற இரண்டையும் கேட்கலாம். இரண்டாவது கேள்விக்கு, “அதெல்லாம் பிரச்சினையில்லை, தினமும் ஒன்பது மணிதான்” என்று பதில் வந்தால், அடுத்த நிறுவனத்தின் கதவைத் தட்டுங்கள்.