லட்ச ரூபாய் இராட்டை

புதிதாக ஒரு சாமான் செய்து விற்கப் புறப்படுகிறவர், முதலில் தமது மூளையின் சாமர்த்தியத்தைப் பற்றியே யோசிக்கிறார். அதை வாங்கிப் புழங்கப் போகிறவர் யார், அவர் வீட்டில் இடம் எவ்வளவு, பழுது பார்க்கக் கையில் காசு உண்டா என்பனவெல்லாம் பிறகுதான் நினைவுக்கு வரும். சில சமயம் கடையை மூடிய பிறகு வரும்! தொழில் தொடங்க விரும்பும் நம் வாலிபர்கள், 1929-ஆம் ஆண்டில் நம் நாட்டில் நடந்த ஒரு போட்டியைப் பற்றி அறிந்திருத்தல் நலம்.

அவ்வாண்டு காந்தியடிகளின் தலைமையில் இயங்கிய அகில இந்திய சர்க்கா சங்கம், சிறந்ததொரு இராட்டைக்கு ஒரு லட்ச ரூபாய் பரிசளிப்பதாக அறிவித்தது. தொகையைக் காட்டிலும் நிபந்தனைகளே விசேஷமானவை. இராட்டை எளிதில் எடுத்துச் செல்லத்தக்க கனமுடையதாய், கிராமத்துக் குடிசையில் கையாலோ காலாலோ இயக்கத்தக்கதாய் இருக்க வேண்டும். ஒரு ஸ்திரீ அதிகப் பிரயாசையின்றி எட்டு மணி நேரம் அதில் வேலை செய்ய இயல வேண்டும். அந்நேரத்தில் 12 முதல் 20 நம்பர் வரையுள்ள நூல் 16,000 அடி கிடைக்க வேண்டும். அதாவது, ஏறக்குறைய மூன்று மைல் நூல்! விலை 150 ரூபாய்க்கு மேற்படலாகாது. இருபது வருஷம் உழைக்க வேண்டும்; ஆண்டுதோறும் மாற்றும் உறுப்புக்களின் செலவு விலையில் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டக் கூடாது.

சக்கரம் எத்தனை, கதிர் எத்தனை என்ற பேச்சே இதில் இல்லை என்பதைக் கவனியுங்கள். அதெல்லாம் தச்சனின் பாடு. இராட்டை ஒரு நாள் நின்றால் நூற்பவளுக்கு அன்றையக் கூலி போயிற்று. அதை உணர்ந்தவர்களே பழுதுச் செலவுக்கும் வரம்பு கட்டியிருக்க முடியும்.

மகாராஷ்டிரத்துக் காலே என்பவர் அமைத்து, கிர்லோஸ்கர் தொழிற்சாலையில் உருவான யந்திரத்தின் மீது பலர் நம்பிக்கை வைத்திருந்தனர். அது நூற்கத்தான் செய்தது; ஆயினும் நிபந்தனைகள் பூர்த்தியாகவில்லை. பரிசு யாருக்கும் வழங்கப்படவில்லை. கடுமையான தீர்ப்புத்தான், எனினும் நியாயமானது என்றே சொல்வேன். இதனிடையே 1930-இல் எரவாடா சிறையில் காந்தியடிகள் இராட்டையைச் சீர்திருத்துவதில் ஈடுபட்டார். பெட்டிக்குள் மடங்கும் எரவாடா சக்கரம் இவ்வாறு உருவாயிற்று. அவருக்கு நூற்பவரின் குறையை வேறொருவர் எடுத்துரைக்க வேண்டியிருக்கவில்லை, தினந்தோறும் நூற்றவரல்லவா?

பின்னர், நம் திருநெல்வேலிச் சீமையின் ஏகாம்பரநாதன் பல கதிர்களையுடைய அம்பர் சர்க்காவைக் கண்டார். 1956-இல் சர்க்கார் கமிட்டி அதைப் பரிசோதித்தது. பிறகு அது நாடெங்கும் பரவலாக வழங்கப்பட்டது. ஆனால், வழங்கியவற்றில் பல மூலையில் சும்மா கிடந்தன. கொடுத்த கணக்கை எழுதுவது எளிது. ஏன் சுற்றவில்லை என்று வீடு வீடாய்ப் போய் விசாரிப்பது சிரமம். காலப்போக்கில் மரச் சட்டம் உலோகமாயிற்று; ஆறு கதிர், எட்டுக் கதிர் இராட்டைகளும் வந்தன.

2018-இல் மத்திய சர்க்கார் சூரிய சக்தி இராட்டைத் திட்டத்தையும் தொடங்கியது. அது பழுதானால் கிராமத்திலேயே சரிசெய்ய ஆள் உண்டா, அன்றையக் கூலி என்னவாகும் என்பதை நூற்கும் பெண்மணிகளிடந்தான் கேட்க வேண்டும்.