வைத்தியராகும் பிள்ளைகள் மனதையும் படிக்கவேண்டும்

வீட்டில் ஒரு பிள்ளை மருத்துவ பீடத்துக்குத் தெரிவாகிவிட்டால் ஊரே மகிழ்கிறது. பத்திரிகையில் படம் வருகிறது. பாடசாலை வாசலில் பதாதை கட்டுகிறார்கள். அந்தப் பிள்ளை ஐந்து ஆண்டுகளும் என்னென்ன படிக்கப்போகிறது என்று கேட்டால் உடற்கூறு, மருந்து, சத்திரசிகிச்சை, பிரசவம் என்று சொல்வோம். மனநோய்களைப் பற்றியும் படிக்கவேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், “அது அங்கொடையில வேலை செய்யிற வைத்தியர்களுக்குரிய படிப்பு” என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

சகோதரிகளே, இந்த எண்ணத்தால் பாதிக்கப்படுபவர்கள் நாம்தான். மனம் நோயுற்ற ஒருவர் எடுத்த எடுப்பில் உளமருத்துவ நிபுணரிடம் போவதில்லை. பக்கத்து வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்குப் போகிறார். குடும்ப வைத்தியரிடம் போகிறார். கர்ப்பிணித் தாய்மார் கிளினிக்குக்குப் போகிறார். அங்கே அவரைப் பார்ப்பவர் பெரும்பாலும் அண்மையில் பட்டம் பெற்று வந்த ஓர் இளம் வைத்தியர். மனநோயை அடையாளம் காண அவருக்குத் தெரிந்திருந்தால் சிகிச்சைக்கு அன்றே வழி பிறக்கும். தெரியாவிட்டால் மாதங்கள், சிலவேளை வருடங்கள், வீணாகிப்போகும்.

மனநலப் பிரிவு ஒன்றோடு சேர்ந்து பணியாற்றும் சமூகப் பணியாளர் என்ற வகையில், மருத்துவ மாணவர்கள் இந்தப் பாடத்தைப் பயிலும் விதத்தை அருகிலிருந்து காணும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கிறது. பெண்களாகிய நாம் அறிந்திருக்கவேண்டிய சிலவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

தலையிடியாக வரும் கவலை

“எனக்கு மனச்சோர்வு” என்று சொல்லிக்கொண்டு நமது பெண்கள் வைத்தியரிடம் போவதில்லை. தலையிடி, நெஞ்செரிவு, கைகால் உளைவு, உடம்பெல்லாம் எரிவு, பெருமூச்சு, நித்திரையின்மை என்றுதான் சொல்வார்கள். துருவிக் கேட்டால் “ஒரே யோசனை” என்பார்கள். நமது பேச்சில் யோசனை என்பது சிந்திப்பதை மட்டும் குறிப்பதில்லை. ஒரே கவலையை மனம் திரும்பத் திரும்ப அரைத்துக்கொண்டிருப்பதையும் அச்சொல்லாலேயே குறிப்பிடுகிறோம்.

நான் அறிந்த ஒரு தாய்க்கு நாற்பது வயதிருக்கும். எட்டு மாதமாகத் தலையிடி. கண்ணைப் பரிசோதித்தார்கள், இரத்தம் சோதித்தார்கள், தலையை ஸ்கேன் செய்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தன. “உங்களுக்கு ஒன்றுமில்லை அம்மா” என்ற பதிலோடு ஒவ்வொரு முறையும் பனடோல் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார். கடைசியாக விடுதியில் அனுமதிக்கப்பட்டிருந்தபோது, நோய் வரலாறு எழுதிப் பழகிக்கொண்டிருந்த ஒரு மாணவி கட்டிலருகில் கதிரையைப் போட்டு அமர்ந்து, “அம்மா, இரவில நித்திரை எப்பிடி? முந்தி விருப்பமாச் செய்த வேலையள் இப்பவும் செய்ய மனம் வருதா?” என்று கேட்டாள். அந்தத் தாய் அழத் தொடங்கிவிட்டார். மகனை வெளிநாடு அனுப்ப வட்டிக்கு எடுத்த கடன், இடைவழியில் சிக்கிக்கொண்ட மகன், வீட்டில் எவரோடும் அதைப் பேச முடியாத நிலை, எல்லாம் வெளியே வந்தன. மாணவி எந்த மருந்தும் எழுதவில்லை. கேட்டதை அப்படியே நிபுணரிடம் எடுத்துச் சொன்னாள். சிகிச்சை அங்கிருந்து ஆரம்பமானது.

அவள் கேட்டவை பாடத்தில் உள்ள கேள்விகளே. மனம் சோர்ந்திருக்கிறதா, முன்பு விரும்பியவற்றில் நாட்டம் குறைந்துவிட்டதா, இரண்டு வாரங்களுக்கு மேலாக அப்படி இருக்கிறதா என்று விசாரிப்பது மனச்சோர்வு நோயைத் தேடும் முதற்படி. அதற்கு இரண்டு நிமிடம் போதும். அந்த இரண்டு நிமிடத்தை ஒதுக்கவேண்டும் என்ற பழக்கம் மாணவப் பருவத்திலேயே வரவேண்டும்.

படிப்பு எப்படி நடக்கிறது?

கொழும்பு மருத்துவக் கல்லூரி 1870ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்டது. அதன் பின்னர் நெடுங்காலமாக மனநோய் பற்றிய கல்வி ஒருசில விரிவுரைகளோடும் மனநோய் வைத்தியசாலைக்குச் சென்று பார்வையிடுவதோடும் நின்றுவிட்டது. பூட்டிய கதவுகளுக்குள் மிகக் கடுமையான நோயாளரை மட்டும் கண்டு திரும்பிய மாணவருக்கு, மனநோய் என்றாலே அதுதான் என்ற பயம் மனதில் பதிந்ததில் வியப்பில்லை.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. நாட்டின் பல மருத்துவ பீடங்களில் உளமருத்துவம் இறுதியாண்டில் ஒரு தனிப் பாடம். பொது மருத்துவம், சத்திரசிகிச்சை, குழந்தை மருத்துவம், மகப்பேற்று மருத்துவம் ஆகியவற்றுக்குச் சமமாக ஐந்தாவது பாடமாக அது நிற்கிறது. மாணவர்கள் வாரக்கணக்கில் உளமருத்துவ விடுதியில் தங்கிப் பயில்கிறார்கள். தனியாகப் பரீட்சையும் உண்டு. அயல்நாடான இந்தியாவிலோ இப்பாடம் நீண்ட காலமாகப் பொது மருத்துவத்தின் ஒரு சிறு பகுதியாகவே இருந்து வந்தது. இவ்விடயத்தில் நமது நாடு முன்னோக்கி ஓரடி வைத்திருக்கிறது எனலாம்.

இந்தப் பயிற்சி ஏன் முக்கியம்? பட்டம் பெற்ற பின்னர் உள்ளகப் பயிற்சிக்குப் போகும் இளம் வைத்தியர்கள் பெரும்பாலும் மருத்துவம், சத்திரசிகிச்சை, குழந்தை, மகப்பேற்று விடுதிகளிலேயே வேலை செய்கிறார்கள். ஆகவே பலருக்குப் பல்கலைக்கழகத்தில் கிடைக்கும் அந்தச் சில வாரங்களே வாழ்நாளில் பெறும் ஒரே முறையான உளமருத்துவப் பயிற்சியாக அமைந்துவிடுகின்றன.

விடுதியில் மாணவர் முதலில் பழகுவது உளநிலைப் பரிசோதனை. இதற்கு இரத்தமும் வேண்டாம், எக்ஸ்ரேயும் வேண்டாம். நோயாளியின் தோற்றம், நடத்தை, பேச்சு, மனநிலை, எண்ணங்கள், இல்லாத குரல் கேட்பது போன்ற அனுபவங்கள், ஞாபகசக்தி, தனக்கு நோய் உண்டு என்பதைத் தானே உணர்ந்திருக்கிறாரா என்பன ஒழுங்காகக் கவனிக்கப்படுகின்றன. “அயலவர் எனக்குச் செய்வினை செய்துவிட்டார்கள்” என்று ஒருவர் சொன்னால் சிரிக்கவும் கூடாது, ஆமாம் போடவும் கூடாது. அது ஊரில் பலரும் கொண்டுள்ள நம்பிக்கையா, நோயினால் வந்த பிறழ்நம்பிக்கையா என்பதைக் குடும்பத்தினரிடமும் விசாரித்து அறியவேண்டும்.

அடுத்து, இந்த நோய் ஏன் இவருக்கு, ஏன் இப்போது வந்தது என்று சிந்திக்கப் பழக்குகிறார்கள். நோய் வர இடமளித்தது எது, தூண்டிவிட்டது எது, நீடிக்கச் செய்வது எது, காத்துநிற்பது எது என நான்கு கேள்விகள். பரம்பரையும் மூளையின் இரசாயனமும் ஒரு பக்கம் இருக்க, குடிகாரக் கணவன், வேலையின்மை, இடம்பெயர்வு ஆகியவையும் அந்தப் பதிலில் இடம்பெறவேண்டும். சமூகவியல் படித்த எனக்கு, மருத்துவமும் சமூகமும் கைகோக்கும் இடமாக இது தெரிகிறது.

கேட்கத் தயங்கும் கேள்வி

1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு சுமார் 47 பேர் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் அதுவும் ஒன்று. அவ்வாண்டிலும் 1998இலும், பின்னர் 2008 முதல் 2011 வரையிலும் கொடிய பூச்சிகொல்லிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. அதன்பின் மரண விகிதம் மூன்றில் ஒரு பங்களவுக்குக் குறைந்தது. பல்லாயிரம் உயிர்களைக் காத்த நடவடிக்கை அது. ஆனால் உயிர் பிழைத்தவர்களின் துயரம் அதனால் தீர்ந்துவிடவில்லை. அவர்கள் இன்றும் வைத்தியசாலைக்கு வருகிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் இளம் மனைவி இவ்வாறு கொண்டுவரப்பட்டு, உடல் தேறி, மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். உடலுக்குரிய சிகிச்சை குறைவின்றி நடந்தது. ஏன் அப்படிச் செய்தாள் என்று மட்டும் அங்கே எவரும் கேட்கவில்லை. “இனி இப்படிச் செய்யாதே பிள்ளை” என்ற புத்திமதியே கிடைத்தது. அவளை அடித்து வந்த கணவனோடுதான் வீடு திரும்பினாள். இரண்டு மாதத்தில் மறுபடியும் வந்தாள். அம்முறை உளமருத்துவப் பிரிவுக்கு அனுப்பப்பட்டதனால் எங்களால் அவளுக்கு உதவ முடிந்தது.

“சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?” என்று கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று மாணவர்கள் பயப்படுகிறார்கள். வளர்ந்தவர்களுக்கும் அந்தப் பயம் உண்டு. அப்படிக் கேட்பதால் எண்ணம் உண்டாவதில்லை என்பதை ஆய்வுகள் தெளிவாகக் காட்டியுள்ளன. கேட்கப்பட்டவர் பெரும்பாலும் ஆறுதலடைகிறார். தற்கொலைக்கு முயல்வது 1998ஆம் ஆண்டிலிருந்து நமது நாட்டில் குற்றமல்ல என்பதையும் பலர் அறியார். பொலிஸுக்குப் பயந்து மறைக்கத் தேவையில்லை. மாணவர் இந்தக் கேள்வியை நிபுணரின் முன்னிலையில் வாய்விட்டுக் கேட்டுப் பழகவேண்டும். புத்தகத்தில் வாசித்தால் மட்டும் நாக்கு எழாது.

பிள்ளைப்பேற்றின் பின்னர்

பிரசவமான முதல் வாரத்தில் தாய்மார் பலருக்குக் காரணமின்றி அழுகை வரும். சில நாட்களில் அது தானாகவே மாறிவிடும். நூறு தாய்மாரில் பத்துப் பதினைந்து பேருக்கு வாரக்கணக்கில் நீடிக்கும் மனச்சோர்வு வருகிறது. ஆயிரத்தில் ஓரிருவருக்கு, பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள், நித்திரையே இல்லாமல், பேச்சு மாறி, பிள்ளையைப் பற்றி விபரீதமான எண்ணங்கள் தோன்றும் கடும் நோய் வரலாம். ‘சன்னி’ என்று ஊரில் பயத்தோடு பேசுவது இதைத்தான். இது தாயினதும் பிள்ளையினதும் உயிரோடு விளையாடும் அவசர நிலை. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லவேண்டும். தகுந்த சிகிச்சையினால் பெரும்பாலும் முற்றாகக் குணமடையும்.

இந்த மூன்றையும் பிரித்தறிய மகப்பேற்று விடுதியின் இளம் வைத்தியருக்குத் தெரியவேண்டும். 1987ஆம் ஆண்டு வெளியான எடின்பரோ வினாக்கொத்தில் பத்தே கேள்விகள்தான் உள்ளன. உலகின் பல மொழிகளில் அது பயன்படுகிறது. காகிதத்தில் அடையாளமிடுவது எளிது. மாமியார் பக்கத்தில் நிற்கும்போது மருமகள் உண்மையைச் சொல்லமாட்டாள் என்பதையும், தாயைத் தனியே இருத்திக் கேட்கவேண்டும் என்பதையும் மாணவர் பயிற்சியில்தான் கற்கிறார்.

மொழியும் வீடும்

பல்கலைக்கழகத்தில் மருத்துவம் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படுகிறது. நோயாளி தமிழிலோ சிங்களத்திலோ அழுகிறார். ஏனைய நோய்களில் வயிற்றை அழுத்திப் பார்த்தும் ஓரளவு அறியலாம். உளமருத்துவத்தில் பேச்சே கருவி. தமிழ்ப் பகுதிகளில் பயிலும் சிங்கள மாணவருக்கும், தென்பகுதியில் பயிலும் தமிழ் மாணவருக்கும் இது பெரிய சோதனை. 19ஆம் நூற்றாண்டில் மானிப்பாயில் மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார், நூல்களையும் தமிழாக்கினார் என்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம். யாழ்ப்பாண மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. அங்கு உளமருத்துவம் கற்பித்த பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் மக்கள் மனதில் ஏற்படுத்திய வடுக்களை ஆராய்ந்து 1998இல் ‘ஸ்கார்ட் மைன்ட்ஸ்’ என்ற ஆங்கில நூலை வெளியிட்டார். தமிழில் ‘மனவடு’ என்ற நூலையும் எழுதினார். நம் மக்களின் துயரத்தை நம் சொற்களில் விளங்கிக்கொள்ளும் பாதை அவ்வாறு உருவானது.

பயிற்சியில் நான் மிகவும் பயனுள்ளதாகக் கருதுவது வீட்டுத் தரிசிப்பு. விடுதியில் “மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை” என்று எழுதிவைத்த நோயாளியின் வீட்டுக்கு மாணவரை அழைத்துச் செல்வோம். கிளினிக்குக்கு இரண்டு பஸ் மாறவேண்டும் என்பதும், அன்று கூலி வேலை போய்விடும் என்பதும், மருந்து குடித்தால் விடியற்காலையில் எழுந்து சமைக்க முடிவதில்லை என்பதும் அங்கேதான் தெரியவரும். திரும்பி வந்த மாணவர், “மருந்தை இரவில் ஒரு வேளையாக மாற்ற முடியுமா?” என்று நிபுணரிடம் கேட்பார். ஒரு நோயாளி மீண்டும் நோயில் விழாமல் தடுக்க அந்த ஒரு கேள்வி போதுமாகிவிடுவதுண்டு. எல்லா மாணவருக்கும் இந்த வாய்ப்பு ஒரு தடவையேனும் கிடைக்கவேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

வைத்தியரைச் சந்திக்கும்போது உடல் வருத்தத்தோடு நித்திரை, பசி, யோசனை பற்றியும் முதலிலேயே சொல்லுங்கள். வெளியே வரும் நேரத்தில் சொன்னால் அவருக்குக் கேட்க நேரமிராது.

மாணவர்கள் வந்து பேசலாமா என்று கேட்டால், மறுக்க உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்தாலும் சிகிச்சை குறையாது. முடியுமானால் சம்மதியுங்கள். நீங்கள் சொல்லிக்கொடுப்பது நாளைக்கு இன்னொரு பெண்ணுக்கு உதவும்.

“மந்திகைக்குக் கொண்டுபோகவேணும்”, “அங்கொடைக் கேஸ்” என்று பிள்ளைகள் முன்னிலையில் கேலி பேசாதீர்கள். அந்தப் பிள்ளைகளுள் ஒருவர்தான் நாளைய வைத்தியர். அவர் விடுதிக்குள் காலடி வைக்கும்போது நமது கேலியும் கூடவே போகிறது.

மருத்துவம் படித்த மகள் உளமருத்துவத்தைத் தெரிவுசெய்தால், “கலியாணம் பேசேக்க என்ன சொல்லுறது?” என்று தடுக்காதீர்கள். தமிழ் பேசும் பெண் உளமருத்துவர்களுக்காக எத்தனையோ பெண்கள் காத்திருக்கிறார்கள்.

மனம் தாங்காத வேளையில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம்.

நல்ல வைத்தியர் கிடைக்கவேண்டும் என்று நாம் எல்லோரும் விரும்புகிறோம். அவரை உருவாக்குவதில் பேராசிரியருக்கு எவ்வளவு பங்கு உண்டோ, கட்டிலில் படுத்திருந்து மனம் திறந்து பேசும் நோயாளிக்கும் அவ்வளவு பங்கு உண்டு.