பட்டணத்துப் பக்கங்கள் – 11: ஐந்து ஷில்லிங்குக்கு ஒரு மேயர்

1688ஆம் ஆண்டு, செப்டம்பர் 29. புரட்டாசி வெயில். செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் கவர்னர் எலிஹு யேல் வைத்த விருந்தை முடித்துக்கொண்டு ஒரு கூட்டம் ஊர்வலமாகக் கிளம்புகிறது. முன்னால் தங்க முலாம் பூசிய வெள்ளித் தடிகளை ஏந்தியவர்கள். அடுத்து புது மேயர். அவருடைய சகாக்களான ஆல்டர்மேன்களுக்குச் சிவப்பு அங்கி. அவர்களுக்கும் கீழ்ப்படியில் இருந்த பர்கெஸ்களுக்கு வெள்ளைப் பட்டு அங்கி. சிவப்பு அங்கி எந்தத் துணியில் தெரியுமா? செர்ஜ் என்ற கம்பளித் துணியில். லண்டனில் உட்கார்ந்துகொண்டு நம் ஊர் உடைக்கு விதி எழுதினால் இப்படித்தான் ஆகும். இந்தப் பக்கம் அதிகம் விலைபோகாத சரக்கு இங்கிலாந்துக் கம்பளி. அதற்கும் ஒரு வழி பண்ணினார்களோ என்னவோ!

அந்தச் சிவப்பு அங்கியைப் போட்டுக்கொள்ளும் உரிமை பெற்றவர்களின் பட்டியலில் மூன்று பெயர்களைப் பாருங்கள்: சின்ன வேங்கடாத்ரி, முத்து வீரண்ணா, ஆலங்காத்தா பிள்ளை.

சென்னையின் சுயாட்சிக் கதை இந்த ஊர்வலத்தில்தான் தொடங்குகிறது. ஆனால் நாம் கொண்டாடுவது இந்த நாளை அல்ல. ஆகஸ்ட் 22ஐ. 2004இல் எஸ். முத்தையா, சசி நாயர், வின்சென்ட் டிசோசா மூவரும் ‘மெட்ராஸ் டே’ என்று ஆரம்பித்து வைத்தது இன்று ஒரு மாதத் திருவிழாவாக வளர்ந்துவிட்டது. நடைப்பயணங்கள், புகைப்படக் கண்காட்சிகள், பள்ளிகளில் வினாடி வினா. நல்ல விஷயம்தான். நானும் ஆண்டுதோறும் இரண்டு மூன்று நடைகளுக்குப் போய்க் கால் வலியோடு திரும்புகிறவன். ஆனாலும் ஒரு சின்ன உறுத்தல். 1639 ஆகஸ்ட் 22 அன்று நடந்தது என்ன?

ஒரு நில விவகாரம். ஆர்மகான் துறையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏஜெண்டாக இருந்த பிரான்சிஸ் டே, அங்கே பிழைப்பு சரிப்படாமல் கடற்கரையோரமாகத் தெற்கே வந்து இடம் தேடினார். இந்தப் பகுதியை ஆண்ட தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கரும், பூந்தமல்லியிலிருந்த அவர் தம்பி ஐயப்ப நாயக்கரும் அழைப்பு விடுத்திருந்தார்கள். கூவத்துக்குப் பக்கத்தில் ஒரு மணல் திட்டு. அதில் கோட்டை கட்டிக்கொள்ள அனுமதி, இரண்டு ஆண்டுகளுக்கு ஊரை நிர்வகிக்கும் உரிமை, சுங்க வருமானத்தில் நாயக்கருக்குப் பாதி. இதுதான் சாசனத்தின் சாரம். அதன் பிரதியில் போட்டிருக்கும் மாதம் ஜூலை. டே இங்கே வந்து இறங்கியதே ஜூலை 27 என்பதால் ஆகஸ்டாகத்தான் இருக்க வேண்டும் என்று பின்னாளில் கணக்குப் போட்டுத் தேதியைத் திருத்திக்கொண்டார்கள். நாம் கேக் வெட்டுவது அந்தத் திருத்தத்தின்மேல். திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் அதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே ஊர்களாக இருந்தவை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வீட்டுக்கு ஆண்டுவிழா எடுப்பதானால் பத்திரம் எழுதிய நாளில் எடுப்போமா, பால் காய்ச்சிய நாளில் எடுப்போமா? செப்டம்பர் 29ஐப் பால் காய்ச்சிய நாள் என்றும் சொல்ல முடியாது. குடித்தனக்காரர்களையும் கூட்டி உட்காரவைத்து, இனி வீட்டுச் செலவை ஆளுக்கு இவ்வளவு போட்டுக்கொள்ளுங்கள் என்று வீட்டுக்காரன் சொன்ன நாள் என்றால் பொருந்தும். எல்லாம் காசில் வந்த பேச்சுதான்.

சென்ற வாரம் பெத்த நாயக்கனின் காவலைப் பார்த்தோம். ஊருக்குள் திருட்டுப் போனால் அவன் பொறுப்பு. அதற்கு மானிய நிலமும் சில்லறை வரும்படியும். வழக்கு என்றால் சாவடி. கணக்குக்குக் கணக்கப்பிள்ளை. ஊர் ஒருமாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பட்டணம் பெருத்துவிட்டது. தெரு கூட்டவும், கறுப்பர் பட்டணத்துக்கு மதில் எழுப்பவும், சிப்பாய்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் பணம் வேண்டும். 1678இல் கவர்னராக வந்த ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் துப்புரவுக்கென்று வீட்டு வரி போட முயன்றார். ஜனங்கள் முணுமுணுத்தார்கள். 1686இல் கம்பெனி இன்னும் அழுத்திப் பார்த்தபோது முணுமுணுப்போடு நிற்கவில்லை. கடைகளை அடைத்துவிட்டார்கள். வரி கட்டாதவன் வீட்டை இடிப்போம் என்று கோட்டையிலிருந்து மிரட்டல் வந்தது. இந்த ஊரின் கடையடைப்புக்கு வயது மூன்றரை நூற்றாண்டை நெருங்குகிறது.

லண்டனில் கம்பெனியின் பெருந்தலை சர் ஜோசயா சைல்டு. கெட்டிக்கார வியாபாரி; கருணைக்குப் பேர்போனவர் அல்ல. அவர் யோசித்தார். கிழக்கிந்தியத் தீவுகளில் டச்சுக்காரர்கள் ஊராரைக் கொண்டே ஊரை நடத்துகிறார்களே, நாமும் செய்தால் என்ன? 1687 செப்டம்பரில் மதராஸுக்கு எழுதிய கடிதத்தில் அவர் சொன்ன கணக்கு இது: நம் எதேச்சாதிகாரத்தால் ஆறு பென்ஸ் வரி போட்டால் கொடுக்க மறுக்கும் மக்கள், தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொள்கிற வரியானால் பொதுக் காரியத்துக்கு ஐந்து ஷில்லிங் வரை மனமுவந்து தருவார்கள். ஒரு ஷில்லிங்குக்குப் பன்னிரண்டு பென்ஸ். பத்து மடங்கு! தம் ஆட்சியை ‘எதேச்சாதிகாரம்’ என்று அவரே எழுதியிருக்கிறார் என்பதைக் கவனிக்க வேண்டும். அந்த ஒளிவுமறைவின்மைக்காகவே அந்தக் கடிதம் எனக்குப் பிடிக்கும். உள்ளாட்சி பற்றிப் பின்னாளில் எழுதப்பட்ட எத்தனையோ உத்தமமான தீர்மானங்களில் இந்த நேர்மை கிடையாது.

இரண்டாம் ஜேம்ஸ் மன்னரின் சபையில் மதராஸுக்கு மாநகராட்சிச் சாசனம் தரும் யோசனை பேசப்பட்டபோது ஒரு சிக்கல் வந்தது. சாசனத்தில் யார் முத்திரை? அரசருடையதா, கம்பெனியுடையதா? அரச முத்திரை விழுந்தால் மதராஸ் மேயர் அரசரின் ஆள் ஆகிவிடுவார். நாளைக்குக் கவர்னரிடமே முறைத்துக்கொள்வார். இந்தியாவில் யாரும் நேரே அரசரின் ஆணையோடு உட்காரக் கூடாது என்பது கம்பெனியின் வாதம். அதுவே வென்றது. 1687 டிசம்பர் 30 தேதியிட்ட சாசனம் கம்பெனி முத்திரையோடு கப்பலேறியது. மாமன்றம் பிறக்கும் முன்பே அதன் மூக்கணாங்கயிறு தயாராகிவிட்டது என்று அர்த்தம்.

சாசனத்தின்படி ஒரு மேயர், 12 ஆல்டர்மேன்கள், 60 பர்கெஸ்கள். மேயரானவர் நதானியேல் ஹிக்கின்சன். இவர் பிறந்தது லண்டனிலோ பிரிஸ்டலிலோ அல்ல, அமெரிக்காவின் கனெக்டிகட்டில். ஹார்வர்டில் படித்தவர். பதவிப் பிரமாணம் செய்துவைத்த யேல் பிறந்தது பாஸ்டனில். அமெரிக்கக் காலனிகளில் பிறந்த இருவர் பூமியின் மறுபக்கம் வந்து, ஒருவர் பிரமாணம் செய்துவைக்க மற்றவர் இன்னொரு காலனி நகருக்கு முதல் மேயரானார்! ஹிக்கின்சன் அந்தப் பதவியில் ஏறக்குறைய அரையாண்டுதான் இருந்தார். பிறகு 1692இல் யேலின் நாற்காலியே அவருக்குக் கிடைத்தது. அது வேறு கதை.

ஆல்டர்மேன் பட்டியல்தான் சுவாரஸ்யம். ஆங்கிலேயர், போர்ச்சுக்கீசியர், வைரம் வாங்கிப் பவளம் விற்ற யூத வியாபாரிகள், கூடவே நம் மூவர். சமத்துவம் பேசி வந்த பட்டியல் அல்ல இது. பட்டணத்தில் பணம் யாரிடம் இருந்ததோ அவர்களின் பட்டியல். வேங்கடாத்ரி கம்பெனிக்குத் துணி பிடித்துக்கொடுத்த தெலுங்கு வணிகக் குடும்பத்தவர். ஆலங்காத்தா பிள்ளை, தங்கசாலைத் தெருவின் ஏகாம்பரேசுவரர் கோயிலோடு பெயர் பிணைந்தவர். அந்தந்தச் சாதிக்குப் பெரியதனக்காரர்கள் சொன்னால் ஜனங்கள் வரி கட்டுவார்கள் என்பது சைல்டின் எதிர்பார்ப்பு. அவர்கள் தலைக்குமேல் குடை பிடித்துக்கொள்ளலாம் என்றுகூடச் சாசனம் சொல்லிற்று. குடையின் மரியாதை என்ன என்று இந்த மண்ணில் யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அங்கி, குடை, தடி எல்லாம் போக, வேலை என்று பார்த்தால் அதுவும் கொஞ்சம் இருந்தது. மேயர் நீதிமன்றம் சிவில், கிரிமினல் இரண்டையும் விசாரிக்கலாம். சிவில் வழக்கில் மூன்று வராகனுக்கு மேற்பட்ட தீர்ப்பானாலும், குற்ற வழக்கில் உயிருக்கோ உறுப்புக்கோ சேதம் வரும் தண்டனையானாலும் மேல்முறையீட்டுக்கு இடமுண்டு. வரி விதித்து நகர மண்டபமும் சிறையும் கட்டலாம். உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எழுதப் படிக்கவும், கணக்கும் வியாபாரக் கணக்கெழுத்தும் கற்றுத்தரப் பள்ளிக்கூடம் கட்டலாம். மெக்காலே பிறப்பதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே குமாஸ்தாவுக்கான பாடத்திட்டம் தயார்!

ஐந்து ஷில்லிங் கணக்கு பலித்ததா? இல்லை. வேங்கடாத்ரி சொன்னால் என்ன, வேறு யார் சொன்னால் என்ன, வரி வரிதான். ஜனங்கள் கொடுக்கவில்லை. கம்பெனி தன் வருமானத்திலிருந்து சில சில்லறை இனங்களை விட்டுக்கொடுத்து மாநகராட்சியை மூச்சோடு வைத்திருந்தது. மெல்ல மெல்ல அது வழக்குக் கேட்கும் இடமாக மட்டும் சுருங்கியது. 1726இல் முதலாம் ஜார்ஜ் மன்னர் புதுச் சாசனம் தந்தார். இந்த முறை அரச முத்திரையோடு. ஆனால் மேயருக்கு அடுத்து ஒன்பது ஆல்டர்மேன்கள்தான். அவர்களில் ஏழு பேர் பிரிட்டிஷ் பிரஜைகளாகப் பிறந்திருக்க வேண்டும். சின்ன வேங்கடாத்ரியின் இடத்துக்கு இன்னொரு வேங்கடாத்ரி வர வழியில்லாமல் போயிற்று. 38 ஆண்டுகளில் கதை முடிந்தது.

மேடைகளில் ஒரு வாக்கியம் அடிக்கடி காதில் விழும்: உலகில் லண்டனுக்கு அடுத்த பழைய மாநகராட்சி சென்னைதான். கைதட்டலும் கிடைக்கும். நியூயார்க்குக்கு 1665இலேயே மேயர் இருந்தார். இங்கிலாந்தில் லண்டனைத் தவிரவும் மேயர்களைக் கண்ட ஊர்கள் அதற்கும் முன்பே எத்தனையோ உண்டு. இந்தியாவின் மிகப் பழைய மாநகராட்சி என்பது உண்மை, அது போதாதா? உடனே உத்திரமேரூர் கல்வெட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடமும் ஒரு விண்ணப்பம்: குடவோலையின் பெருமை பெரிதுதான். ஆனால் அதற்கும் சைல்டின் ஷில்லிங்குக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது.

அடுத்த ஒன்றரை நூற்றாண்டை வேகமாகத் தாண்டிவிடலாம். நீதிபதிகள் பார்த்தார்கள், கமிஷனர்கள் பார்த்தார்கள், ஊரார் பார்க்கவில்லை. 1867இல் நகரை எட்டு வட்டாரங்களாகப் பிரித்து 32 கமிஷனர்கள், எல்லோரும் நியமனம். 1878இல்தான் அவர்களில் பாதிப் பேரை வரி செலுத்துவோர் தேர்ந்தெடுக்கலாம் என்றானது. உள்ளாட்சிக்கு வழிவிட்ட வைஸ்ராய் ரிப்பன் பெயரில் 1913இல் வெள்ளை மாளிகை எழுந்தது. 1919 சட்டத்துக்குப் பிறகு மாமன்றம் தேர்ந்தெடுத்த தலைவராகப் பிட்டி தியாகராயர் உட்கார்ந்தார்.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 1920 செப்டம்பரில் தியாகராயர் தலைமையிலான மாமன்றம் ஆயிரம் விளக்குப் பகுதி மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்குப் பகல் சாப்பாடு போடத் தீர்மானித்தது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மிகாமல் செலவு. சாப்பாடு போட்டதும் வருகை கூடியது. இன்னும் சில பள்ளிகளுக்கும் விரிந்தது. பிறகு ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவழிக்கக் கூடாது என்று அரசாங்கம் மறுத்தது. 1925இல் சாப்பாடு நின்றது. 1688இன் ஊர்வலத்தைவிட இந்த ஓரணாவில்தான் மாநகராட்சி என்ற சொல்லுக்கு எனக்கு அர்த்தம் தெரிகிறது. ஊர்ப் பணத்தை எதில் போடுவது என்று ஊர் ஒரு முடிவெடுத்தது. சைல்டு பிடித்துவைத்த மூக்கணாங்கயிறு அப்போதும் இன்னொருவர் கையில் இருந்தது.

மேயர் என்ற பட்டம் 1933இல் ராஜா சர் முத்தையா செட்டியாரோடு திரும்பி வந்தது. சிவப்பு அங்கியும் இன்று வரை தொடர்கிறது. ஆனால் அங்கி இருந்தும் போட்டுக்கொள்ள ஆள் இல்லாத காலம் சுதந்திர இந்தியாவில்தான் நீளம். 1973இல் மஸ்டர் ரோல் ஊழல் விவகாரத்தில் மாமன்றம் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் 1996இல். 23 ஆண்டுகள் நகரம் அதிகாரிகள் கையில். 1939இல் முந்நூறாம் ஆண்டுக்கு மலர் வெளியிட்ட ஊர். 1989இல் முந்நூற்றைம்பதாவது பிறந்தநாளை எட்டியபோது அதற்கு ஒரு மேயர்கூட இல்லை.

மறுபடியும் 2016 அக்டோபரில் மாமன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் 2022 பிப்ரவரியில்தான். இடையில் ஐந்து ஆகஸ்டுகள் வந்து போயின. ஐந்திலும் மெட்ராஸ் டே கொண்டாடினோம், நானும்தான். நடைப்பயணங்களில் ரிப்பன் மாளிகைக்கு எதிரே நின்று படம் எடுத்துக்கொண்டோம். உள்ளே மேயர் இல்லையே என்று எங்கள் கூட்டத்தில் ஒருவரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

(அடுத்த வாரம்: சாவடித் தெருவில் ஒரு வழக்கு)