காசு கட்டாமல் கதை அனுப்பலாம்: சிறுகதைப் போட்டிகளைத் தேடுவதும் தேர்ந்தெடுப்பதும்



நம் மாணவர்கள் எழுதும் கதைகளுக்கு வழக்கமாக ஒரே ஒரு வாசகர்தான். அது நாம். சிவப்புப் பேனாவோடு படிக்கிறோம், மதிப்பெண் போடுகிறோம், கதை கோப்புக்குள் போய்விடுகிறது. நன்றாக எழுதும் பிள்ளையிடம் "இதைப் போட்டிக்கு அனுப்பிப் பாரேன்" என்று சொன்னால், "எந்தப் போட்டி ஆசிரியர்? காசு கட்டணுமா?" என்று கேட்கும். இந்த இரண்டு கேள்விக்கும் பதில் நம் கையில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை. உங்களில் கதை எழுதுபவர்களுக்கும், எழுத நினைத்து நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடுபவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் பிரிட்போர்ட் போன்ற பெயர்பெற்ற போட்டிகளுக்குக்கூட நுழைவுக் கட்டணம் உண்டு. தமிழில் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் நல்ல வாய்ப்புகள் பலவற்றுக்கு ஒரு வெள்ளிகூடக் கட்ட வேண்டியதில்லை. ஆனால் கட்டணம் இல்லாத போட்டியும் நம்மிடம் ஒன்றைக் கேட்கிறது. இதுவரை எங்கும் வெளிவராத கதை வேண்டும் என்கிறது. ஒரு கதை முதல்முறை வெளியாவது ஒரே ஒரு தடவைதான். அந்த ஒரு தடவையை எங்கே கொடுப்பது என்பதைத்தான் யோசித்து முடிவு செய்ய வேண்டும்.

எங்கே தேடுவது?

தங்கமுனை விருது: தேசியக் கலைகள் மன்றம் 1993 முதல் நடத்தி வருகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, நான்கு அதிகாரத்துவ மொழிகளிலும் சிறுகதை, கவிதைப் பிரிவுகள் உண்டு. கட்டணம் இல்லை. சிங்கப்பூரில் இன்று அறியப்படும் தமிழ் எழுத்தாளர்கள் பலருடைய அறிமுகக் குறிப்பில் இந்த விருதைப் பார்க்கலாம். வயது வரம்பும் சொல் எண்ணிக்கையும் ஒவ்வொரு முறையும் அறிவிப்பில் வரும். பழைய அறிவிப்பை நம்பி எழுத உட்காராதீர்கள்.

காமன்வெல்த் சிறுகதைப் பரிசு: இதைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரிவதே இல்லை. காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களாக, 18 வயது நிரம்பியவர்களாக இருந்தால் போதும். கட்டணம் இல்லை. ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்றும் இல்லை. ஏற்றுக்கொள்ளும் மொழிகளில் தமிழும் ஒன்று. கதை 2,000 முதல் 5,000 சொற்களுக்குள், எங்கும் வெளிவராததாக இருக்க வேண்டும். வட்டார வெற்றியாளருக்கு 2,500 பவுண்டு, ஒட்டுமொத்த வெற்றியாளருக்கு 5,000 பவுண்டு. அண்மை ஆண்டுகளில் செப்டம்பர் தொடக்கத்தில் திறந்து நவம்பர் 1ஆம் தேதி மூடுகிறார்கள். 2019இல் ஆசிய வட்டாரப் பரிசை வென்றவர் மலேசியாவின் சரஸ் மாணிக்கம். ஆங்கிலத்தில் எழுதிய 'மை மதர் பட்டு' என்ற கதைக்கு வென்றார். அவரும் ஆசிரியராகப் பணியாற்றியவர்தான். 2022இலும் 2023இலும் ஆசிய வட்டாரப் பரிசு சிங்கப்பூர் எழுத்தாளர்களுக்கே வந்தது. ஆகவே, 'அதெல்லாம் நமக்கு எங்கே' என்று ஒதுக்கிவிடத் தேவையில்லை.

கதைக்களம்: சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகத்தின் மாதாந்தர நிகழ்ச்சி. மாணவர்களும் எழுதலாம், பொதுமக்களும் எழுதலாம். வந்த கதைகளைப் பற்றி நேரில் பேசுவார்கள். முதன்முதலாகக் கதை அனுப்பும் மாணவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. பரிசு கிடைக்காவிட்டாலும், கதையில் எது நின்றது, எது நிற்கவில்லை என்று நம்மைத் தவிர வேறொருவர் சொல்லக் கேட்பது பிள்ளைக்குப் பெரிய பாடம்.

தமிழ்மொழி விழா: வளர்தமிழ் இயக்கத்தின் ஆதரவோடு ஏப்ரல் மாதம் முழுவதும் அமைப்புகள் பல நிகழ்ச்சிகள் நடத்துகின்றன. அவற்றில் எழுத்துப் போட்டிகளும் வரும்.

இதழ்கள்: போட்டி மட்டும்தான் வாய்ப்பு என்று நினைக்க வேண்டாம். 1935 முதல் வெளிவரும் தமிழ் முரசு, உள்ளூர் மாத இதழான சிராங்கூன் டைம்ஸ், மலேசியாவிலிருந்து வரும் வல்லினம் இணைய இதழ் எனக் கதைகளை வெளியிடும் இடங்கள் இருக்கின்றன. அறிவியல் புனைவில் ஆர்வமுள்ள மாணவருக்கு அரூ மின்னிதழைக் காட்டுங்கள். அவர்கள் அறிவியல் சிறுகதைப் போட்டிகளும் நடத்தியிருக்கிறார்கள். மலேசியாவில் இருக்கும் நண்பர்களுக்கு மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையின் சிறுகதைப் போட்டி நன்கு தெரிந்ததே. தேர்வாகும் கதைகள் 'பேரவைக் கதைகள்' என்று நூலாக வருகின்றன.

எப்போது எழுதுவது?

ஏப்ரலில் பரிசளிப்பு என்றால் கதையை அதற்குச் சில வாரங்கள் முன்பே அனுப்பியிருக்க வேண்டும். முதல் தவணையில் பள்ளி தொடங்கி, வகுப்புப் பட்டியல் சரிபார்த்து, முதல் மதிப்பீடு முடிவதற்குள் கடைசி நாள் கடந்துவிடும். அறிவிப்பு வந்த பிறகு எழுதத் தொடங்கினால் அவசர அவசரமாக எழுதிய கதைதான் போகும். அதனால் நவம்பர், டிசம்பர் விடுமுறையில் ஒரு கதையை எழுதி முடித்து வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். போட்டி வந்தால் கதையைத் திருத்தினால் போதும். தலைப்போ தொடக்க வரியோ கொடுக்கும் போட்டிகளுக்கு மட்டும் இது ஒத்துவராது.

விதிமுறையை எப்படிப் படிப்பது?

கருத்தறிதல் பகுதியைப் போலவே கேள்வி கேட்டுப் படிக்க வேண்டும். இந்த ஐந்து கேள்வி போதும்.

1. யார் அனுப்பலாம்? குடியுரிமை, நிரந்தரவாசத் தகுதி, வயது, ஏற்கெனவே நூல் வெளியிட்டவரா என்பவற்றைப் பாருங்கள்.

2. எதை 'வெளிவந்த கதை' என்கிறார்கள்? பல போட்டிகளில் ஃபேஸ்புக், வலைப்பூ, பிரதிலிபி போன்ற தளங்களில் போட்டதும் வெளிவந்ததாகவே கணக்கு. ஆசையாக நண்பர்களுக்குப் பகிர்ந்த கதை, அந்த ஒரு காரணத்தாலேயே தகுதி இழக்கலாம். பள்ளி ஆண்டு மலரில் வந்ததா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

3. உரிமை யாருக்கு? 'பரிசு பெற்ற கதையை வெளியிடும் உரிமை எங்களுக்கு உண்டு' என்பது நியாயமான வரி. 'அனுப்பப்படும் எல்லாக் கதைகளும் எங்களுக்கே சொந்தம்' என்றால் நின்று யோசியுங்கள். தோற்ற கதையையும் இழக்கிறீர்கள்.

4. பெயர் எங்கே எழுத வேண்டும்? நடுவருக்கு எழுதியவர் யார் என்று தெரியக் கூடாது என்பதற்காகக் கதைத் தாளில் பெயர் இருக்கக் கூடாது என்பார்கள். கோப்பின் பெயரிலும் மாணவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

5. செயற்கை நுண்ணறிவு பற்றி என்ன சொல்கிறார்கள்? இப்போது பல போட்டிகள் இதைத் தனியாகக் குறிப்பிடுகின்றன. மாணவரோடு சேர்ந்து அந்த வரியை வாய்விட்டுப் படியுங்கள்.

இலவசம் என்று தொடங்கி…

ஒரு வகை அறிவிப்பைப் பற்றி மட்டும் எச்சரிக்கையாக இருங்கள். அனுப்புவது இலவசம். அனுப்பிய எல்லாரும் 'தேர்வாகிவிடுவார்கள்'. அதற்குப் பிறகுதான் செய்தி வரும்: தொகுப்பு நூலில் கதை வர இத்தனை பிரதி வாங்க வேண்டும், சான்றிதழுக்கு இவ்வளவு, பதக்கத்துக்கு இவ்வளவு. சிலவற்றில் 'உலக சாதனை' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டிருக்கும். தெரிந்தே பணம் கொடுத்து நூலில் சேர்வது அவரவர் விருப்பம். ஆனால் பதினான்கு வயதுப் பிள்ளை, தன் கதை பிடித்துப்போய்த்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று நம்பி, பெற்றோரிடம் காசு கேட்டு நிற்கக் கூடாது. நடுவர் யார், சென்ற முறை வென்ற கதைகளை எங்கே படிக்கலாம் என்று விசாரியுங்கள். இரண்டுக்கும் பதில் இல்லை என்றால் விட்டுவிடலாம்.

எந்த வரிசையில் அனுப்புவது?

வெளிவராத கதை கேட்கும் போட்டிக்கு முதலில் அனுப்புங்கள். முடிவு வரும்வரை வேறெங்கும் கொடுக்க வேண்டாம். கிடைக்கவில்லையா, திருத்தி இதழுக்கு அனுப்புங்கள். அங்கும் இடமில்லை என்றால் பள்ளி மலர், சொந்தப் பக்கம், எங்கு வேண்டுமானாலும் போடலாம். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால் முதல் கதவு முதல் நாளே மூடிவிடும்.

நம் பேனா எங்கே நிற்க வேண்டும்?

இதுதான் நமக்குள் வெளிப்படையாகப் பேச வேண்டியது. பள்ளியின் பெயர் நிற்க வேண்டும் என்ற எண்ணத்தில், மாணவர் கதையை நாமே செம்மைப்படுத்தி அனுப்பும் ஆசை எல்லாருக்கும் வரும். எழுத்துப்பிழையைச் சுட்டிக்காட்டலாம். "இந்தப் பாட்டி ஏன் இங்கே திடீர்னு கோபப்படறாங்க?" என்று கேட்கலாம். ஆனால் அந்தப் பாட்டி பேசும் வாக்கியத்தை நாம் எழுதக் கூடாது. உயர்நிலை இரண்டில் படிக்கும் பிள்ளை, புளோக்கின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்து பேசுவதை அதற்குத் தெரிந்த தமிழில்தான் எழுதும். அங்கே நாம் உவமையும் பழமொழியும் சேர்த்தால் கதை நம்முடையதாகிவிடும். வென்றாலும் அந்தப் பிள்ளைக்கு அது தெரியும்.

தொடங்க என்ன செய்யலாம்? தமிழ்த்துறை அறையில் ஒரு நாட்காட்டித் தாள் ஒட்டுங்கள். போட்டியின் பெயர், கடைசி நாள், வயது, சொல் எண்ணிக்கை என நான்கு கட்டம் போதும். யார் கண்ணில் அறிவிப்பு பட்டாலும் அவர் எழுதிவிட வேண்டும். மாணவர் பெயரும் தொடர்பு விவரமும் கேட்கும் போட்டிகளுக்குப் பெற்றோர் ஒப்புதலை முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். படிப்பதற்குத் தேசிய நூலக வாரியத்தின் தமிழ் மின்மரபுடைமைத் தொகுப்பு இருக்கிறது. 1965 முதல் 2015 வரை வெளிவந்த சிங்கப்பூர்த் தமிழ் இலக்கிய நூல்கள் அதில் மின்வடிவில் கிடைக்கின்றன. அதற்கும் கட்டணம் இல்லை.

இந்தத் தவணை முடிவதற்குள் உங்கள் வகுப்பிலிருந்து ஒரே ஒரு கதையாவது பள்ளி வாசலைத் தாண்டிப் போகட்டும். அதோடு சேர்த்து உங்கள் கதை ஒன்றையும் அனுப்புங்களேன். முடிவு வரும் நாளில் ஆசிரியரும் மாணவரும் ஒன்றாகக் காத்திருக்கலாம்.